காது இல்லாத பெட்டி

தென்காசித் தாலுகாவில் சங்கீதத்தைக் காப்பாற்ற ஆளே இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் திடீரென்று தெரிந்துபோயிற்று. முந்தின நாள்வரை அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முந்தின நாள் என் கையில் சினிமாக் காமிரா கிடையாது.

காமிராவைக் கொண்டுவந்தவன் என் மச்சினன் சுந்தரபாண்டியன். பம்பாயில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தான். துரை சீமைக்குக் கப்பலேறும்போது பழைய சாமானையெல்லாம் இவன் தலையில் கட்டினான். இவன் அதை என் தலையில் கட்டினான். ஒரு கறுப்புப் பெட்டி. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் சாவி. சாவியை முறுக்கிப் பொத்தானை அமுக்கினால் உள்ளே விர்ரென்று ஓடும். சாவி தளர்ந்தால் நின்றுவிடும். எடுத்த படத்தைத் திரையில் காட்ட இன்னொரு மிஷினும் கூட வந்தது.

"அத்தான், இதுல முக்கியமான சங்கதி என்னன்னா..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்லே," என்றேன்.

"இல்ல அத்தான், ஒரே ஒரு விஷயம் மட்டும்..."

"வக்கீலுக்கே சொல்லித் தாறியாக்கும்? போ, போயி ரயிலைப் பிடி."

போய்விட்டான். அந்த ஒரே ஒரு விஷயமும் அவனோடு ரயிலேறிவிட்டது.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் வக்கீல் குற்றாலநாத பிள்ளை. முன்சீப் கோர்ட்டில் எனக்கு நல்ல பெயர் உண்டு, கேஸ்தான் இல்லை. என் மனைவி பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்துக் கோயிலில் சுவாமிக்கு என் பெயர், அம்மனுக்கு அவள் பெயர். பொருத்தம் பார்த்த ஜோசியர், "சாட்சாத் அப்பனும் அம்மையும்தான்!" என்று உருகிப்போனார். கோயிலிலே அப்பன் எதற்கும் வாய் திறப்பதில்லை என்பதை மட்டும் அவர் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை.

குழல்வாய்மொழிக்குப் பாட்டு வரும். கடையத்தில் அவள் தகப்பனார் வீட்டில் பாகவதர் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்தபிறகு அடுப்படியில் பாடுவாள். ரசம் கொதித்து வருவதற்குள் கல்யாணி ராகம் ஒரு சுற்று முடிந்துவிடும். நான் கேட்பதில்லை. எனக்கு ரசம் வந்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முத்துக்குமாரசாமி அண்ணாச்சி வந்தார். ரிட்டயர்டு தாசில்தார். குற்றாலத்தில் சீசன் வந்தால் ஒரு பங்களாவில் 'சாரல் சபை' கூடும். இவர்தான் தலைவர். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"வே வக்கீல், நேத்து உம்ம வீட்டுப் பக்கமா நடந்து போனேன். அடுப்படியில உம்ம வீட்டம்மா பாடிக்கிட்டிருந்தாவ. அப்பிடியே நின்னுட்டேன். இந்த சீசனுக்கு நம்ம சபையில பாடட்டுமே?"

"என்ன அண்ணாச்சி பேசுதிய? குடும்பப் பொம்பளை சபையில உக்காந்து பாடுறதா? ஊர் சிரிக்காது?"

"நீர் கேஸ் நடத்துறதைப் பாத்து ஊர் ஏற்கெனவே சிரிச்சு முடிச்சாச்சு வே. புதுசா என்ன சிரிக்கப் போவுது?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நெருக்கடியில்தான் என் பார்வை கறுப்புப் பெட்டிமேல் விழுந்தது. சங்கீதத்தைக் காப்பாற்றும் எண்ணமும் அதே நொடியில்தான் பிறந்தது.

"அண்ணாச்சி! பாட்டுக் கச்சேரி எவனும் வைப்பான். நான் சபைக்குப் பேசும் படம் தாரேன்! நம்ம ஊர் வித்வானுகளை மேடையில இல்லை, அருவிக்குள்ள நிறுத்தி எடுக்கப் போறேன். ஓடுத ஜட்கா வண்டியில எடுக்கப் போறேன். இந்த உலகத்துல எவனும் பாத்திருக்க மாட்டான்!"

அண்ணாச்சி அப்போதுதான் உட்கார்ந்தார். "அப்பிடி மட்டும் செஞ்சிரும், சபைக்குக் காரியதரிசி நீர்தான்."

காரியதரிசி! கோர்ட்டில் குமாஸ்தாகூட என்னைக் கண்டால் எழுந்திருப்பதில்லை. சபையில் காரியதரிசிக்கு ரோஜாப்பூ மாலை போடுவார்கள்.

குழல்வாய்மொழி காப்பியோடு வந்தாள். டம்ளரை வைத்தாள். பெட்டியைத் தூக்கினாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள்.

"இதுக்குக் காது எங்கன இருக்கு?" என்றாள்.

"பெட்டிக்குக் காதா?"

"முன்னால கண்ணு இருக்கு. சரி. பாட்டைப் பிடிக்கணும்னா காது வேண்டாமா? அதைத்தான் கேக்குதேன்."

நான் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தேன். "கேட்டியளா? ஏளா, டெண்டுக் கொட்டகையில படம் பேசுதா இல்லையா? பாடுதா இல்லையா?"

"பாடுது."

"அதெல்லாம் எதுல எடுத்தது? காமிராவுல. இது என்ன? காமிரா. அதுவும் துரை வச்சிருந்த காமிரா."

"அப்போ இதும் பாடும்?"

"பாடும்."

"பாடலைன்னா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கவேண்டும். ஆனால் எதிரில் தலைவர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோர்ட்டுக் குரல் வந்துவிட்டது.

"இந்தப் படம் சபையில வாயைத் திறக்காம ஊமையா ஓடிச்சுன்னா, நீ தாராளமா அதே சபையில உக்காந்து பாடிக்கோ. குறுக்க ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது வக்கீல் வாக்கு!"

குழல்வாய்மொழி பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள். "அண்ணாச்சி, நீங்கதான் சாட்சி," என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது ஏதோ முணுமுணுத்தாள். ராகம்தான் என்று நினைக்கிறேன்.

முதல் படம் ஐந்தருவியில். நாயன வித்வான் தாணுமாலயன்தான் கதாநாயகர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய கௌரவம். ஜட்கா வண்டி ரஹ்மத் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தான். அருவியைப் பார்த்ததும் வித்வான் வண்டியைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்.

"வக்கீலய்யா, தண்ணிக்குள்ள நின்னா வாசிக்கச் சொல்லுதிய? வாயில வைக்கிற சீவாளி ஊறிப்போச்சுன்னா நாயனம் கத்தாது, அழும்!"

"கலைக்காக நனையக்கூடாதா?"

"கலை நனையலாம். எனக்குச் சளி பிடிக்குமே!"

ஒருவழியாகச் சாரல் மட்டும் படுகிற பாறையில் நிறுத்தினேன். அடுத்தது சத்தம். பேசும் படத்தில் வேண்டாத சத்தம் விழுந்துவிடக்கூடாதே! குளிக்க வந்தவர்களையெல்லாம் மூச்சுக் காட்டாமல் குளிக்கச் சொன்னேன். எண்ணெய் தேய்க்கிறவர்கள் முதுகில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பைய அடிக்கச் சொன்னேன். ஒரு குழந்தை அழுதது. அதன் தாயாரைப் பழைய குற்றாலத்து அருவிக்குப் போகச் சொன்னேன். அவள் என்னைப் போகச் சொன்ன இடத்தை இங்கே எழுதமுடியாது. அருவியைத்தான் ஒன்றும் செய்யமுடியவில்லை. வழி இருந்திருந்தால் அதற்கும் ஒரு தடையுத்தரவு வாங்கியிருப்பேன்.

அப்போதுதான் குழல்வாய்மொழி இன்னொரு வண்டியில் வந்து இறங்கினாள். ஒரு கையில் சோற்றுத் தூக்கு, மறு கையில் வெந்நீர்க் கூஜா.

"நீ எதுக்குட்டி இங்கன வந்தே?"

"நீங்க பசி தாங்கமாட்டிய. வித்வானண்ணாச்சி தொண்டைக்கு வெந்நீர் கொண்டாந்தேன்." வித்வான் முகம் மலர்ந்துவிட்டது. இவள் அடுத்தாற்போல், "அண்ணாச்சி, கல்யாணி வாசிங்களேன். அந்த ஆதி தாளக் கீர்த்தனை. சாரலுக்கு எம்புட்டு நல்லாருக்கும்!" என்றாள்.

வித்வான் வாசித்தார். நான் சாவி முறுக்கினேன், எடுத்தேன், நிறுத்தினேன், மறுபடி முறுக்கினேன். இவள் பாறையோரமாக உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எங்கே நிறுத்துகிறேன், எங்கே ஆரம்பிக்கிறேன் என்று வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். தோற்கப்போவது தெரிந்தும் புருஷன் தொழிலில் இத்தனை சிரத்தையா என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. பதிவிரதை!

அடுத்து ஜட்கா. ரஹ்மத்துக்குக் கஞ்சிரா நன்றாக வாசிக்க வரும். வண்டி ஓடவேண்டும், அவன் வாசிக்கவேண்டும், நான் எதிரே உட்கார்ந்து படம் எடுக்கவேண்டும். இதுதான் திட்டம்.

"அய்யா, ரெண்டு கையும் கஞ்சிராவுல இருந்தா கடிவாளத்தை யாரு பிடிப்பா?"

"அதையெல்லாம் நீ யோசிக்காதே. கலைஞன் அற்ப விஷயத்தை யோசிக்கக்கூடாது."

குதிரை யோசித்தது. கஞ்சிராவில் முதல் தட்டு விழுந்ததுமே தானாகப் புறப்பட்டு, ரஸ்தாவை விட்டு இறங்கி, யாருடைய நாற்றங்காலிலோ போய் நின்றது. இரண்டாம் தடவை கடிவாளத்தைக் குழல்வாய்மொழி பிடித்துக்கொண்டாள், படத்தில் விழாமல் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து. குதிரை அவளுக்கு அடங்கி நடந்தது. எங்கள் வீட்டில் அது ஒன்றும் புதிது இல்லை. "அண்ணே, அதே ஆதி தாளம்," என்று ரஹ்மத்துக்கும் சொன்னாள்.

மறுபடி ஐந்தருவிக்கு வந்து சாப்பிட்டோம். புளியோதரை, தயிர்சாதம், மாவடு. ஒரு கை அதிகமாகவே பரிமாறினாள். வேண்டாம் என்றபோதும் பரிமாறினாள். மரத்தடி, சாரல் காற்று, வயிறு நிறையத் தயிர்சாதம். கண்ணை ஒரு நிமிஷம் மூடினேன். திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காமிரா இடம் மாறியிருந்தது. சாவி தளர்ந்து கிடந்தது.

"யாருட்டி இதைத் தொட்டது?"

"கொரங்கா இருக்கும்," என்றாள்.

குற்றாலத்துக் குரங்கு எதையும் செய்யும். நம்பிவிட்டேன். ரஹ்மத் ஏனோ குதிரைக்குப் பின்னால் போய் நின்று இருமினான்.

படச்சுருளைக் கழுவுவதற்குப் பம்பாய்க்கு அனுப்பினேன். அது திரும்பிவந்தபோது சீசன் உச்சத்தில் இருந்தது. சபை கூடும் தேதி குறித்தார்கள். அண்ணாச்சி, "ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கிட வேண்டாமாவே?" என்று கேட்டார். ஓட்டிப் பார்க்கக் கரண்டு வேண்டும். பங்களாத் தோட்டத்தில் இருந்த ஆயில் இன்ஜினை விசேஷத்துக்கு மட்டும்தான் ஓட்டுவார்கள். இதையெல்லாம் சொல்லாமல், "துரை மிஷினுக்கு ஒத்திகை எதுக்கு அண்ணாச்சி?" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மத்தியானம் பங்களா ஹாலில் நிற்க இடமில்லை. ஜன்னல்களில் ஜமுக்காளம் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். உள் அறை வாசலை மறைத்து ஒரு எட்டு முழ வேட்டி இழுத்துக் கட்டியிருந்தது. அதுதான் திரை. கட்டியது குழல்வாய்மொழி. "நீங்க பிரசங்கத்தைப் பாருங்க, நான் வேட்டியைப் பாத்துக்கிடுதேன்," என்று வலிய வந்து கட்டினாள். கட்டிவிட்டு, பொம்பளைகள் பக்கம் போய் உட்காருவதாகச் சொன்னாள்.

நான் பிரசங்கம் செய்தேன். "மகாஜனங்களே! இப்போது நீங்கள் பார்க்கப்போவது மட்டுமல்ல, கேட்கப்போவதும் கூட..." என்று ஆரம்பித்துக் கடைசியில், "கேளுங்கள்!" என்று முடித்து மிஷினைத் தட்டிவிட்டேன்.

வேட்டியில் ஐந்தருவி விழுந்தது. பாறையில் தாணுமாலயன். கன்னம் இரண்டும் உப்பியது. விரல் ஓடியது. மீசை ஆடியது.

சத்தம் வரவில்லை.

அருவிகூடச் சத்தமில்லாமல் விழுந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு அடக்கமான அருவியை நான் பார்த்ததில்லை. வெளியே ஆயில் இன்ஜின் மட்டும் டப் டப் என்றது.

"சத்தத்தைக் கூட்டும்வே!" என்றது ஒரு குரல்.

மிஷினைத் தட்டினேன். குத்தினேன். யாருக்கும் தெரியாமல் ஒரு உதையும் விட்டேன். வித்வான் திரையில் உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருந்தார்.

"நாயனத்துக்குள்ள தண்ணி போயிட்டோ?"

"வித்வானுக்கு மூச்சு முட்டுது, யாராவது பிடிங்கலே!"

சிரிப்பு பொங்கியது. ரோஜாப்பூ மாலை என் கண்முன்னால் உதிர்ந்தது. முத்துக்குமாரசாமி அண்ணாச்சி இருட்டில் எழுந்து நின்றார்.

"வே வக்கீல், இது ஊமைப் படமா?"

"அண்ணாச்சி, மிஷின் இன்னும் சூடேறலை... சீதோஷ்ணம்... சாரல் காத்து..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும். இந்த நிமிஷம் இந்தப் படம் ஊமையா, இல்லையா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு."

இதே கேள்வியைப் போட்டு எத்தனை சாட்சிகளை நான் கூண்டில் திணறவைத்திருக்கிறேன்!

"இப்போதைக்கு..." என்றேன். "ஆமா. ஊமைதான்."

சொல்லி வாயை மூடவில்லை, குபீரென்று எழுந்தது நாயனம்! கல்யாணி! திரையில் விரல் எங்கே போகிறதோ அங்கே ஸ்வரமும் போனது. படம் வெட்டித் தாண்டிய இடத்தில் பாட்டும் கூடவே தாண்டியது. ஹால் முழுக்க ஆவென்று வாய் பிளந்தது. என் வாய்தான் எல்லோரையும்விடப் பெரிதாகப் பிளந்திருக்கும்.

அடுத்த நொடி எனக்கு உயிர் வந்துவிட்டது.

"சூடேறிட்டு! சொன்னேன்லா!" என்று கத்தினேன். "காது எங்கன்னு கேட்டவுக எல்லாம் இப்போ வரட்டும்! ஏளா குழல்வாய்மொழி, கேக்குதா?"

பொம்பளைகள் பக்கத்திலிருந்து பதில் இல்லை. வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜட்கா வந்தது. ரஹ்மத்தின் கஞ்சிரா கணீரென்று பேசியது. குதிரைக் குளம்புக்குக்கூடச் சத்தம் இருந்தது, தேங்காய்ச் சிரட்டையில் தட்டினாற்போல. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். இருட்டிலும் அவர் சிரிப்பது தெரிந்தது. காரியதரிசிக்கு ஒரு தனி நாற்காலி வேண்டும் என்று கேட்க முடிவுசெய்தேன்.

அப்போதுதான் நான் எடுக்காத ஒரு படம் திரையில் வந்தது.

மரத்தடி. மரத்தடியில் நான். மல்லாக்கப் படுத்து, வாயைத் திறந்து, நெஞ்சில் ஒரு பருக்கைத் தயிர்சாதத்தோடு. என் பக்கத்தில் குழல்வாய்மொழி சம்மணம் போட்டு உட்கார்ந்து, காமிராவை நேருக்கு நேர் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணி கீர்த்தனை அவள் குரலில் ஹாலை நிறைத்தது. என் வயிறு ஏறி இறங்கியது. அதுவும் சரியாக ஆதி தாளத்தில்.

"வக்கீல்தான் பின்பாட்டா?" என்று யாரோ கேட்டார்கள். ஹால் குலுங்கியது.

படச்சுருள் முடிந்தது. வால் பட் பட் என்று அடித்துக்கொண்டது. திரை வெள்ளையாயிற்று.

பாட்டு நிற்கவில்லை.

மிஷினை அணைத்தேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. தோட்டத்துக்கு ஆளனுப்பி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். டப் டப்பும் அடங்கியது. இப்போது பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. முத்துக்குமாரசாமி அண்ணாச்சி எழுந்துபோய் ஜன்னல் ஜமுக்காளத்தைத் தள்ளிவிட்டு, வேட்டியை ஒரு பக்கமாக விலக்கினார்.

உள் அறையில் தாணுமாலயன் நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். ரஹ்மத் கஞ்சிரா தட்டிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. நடுவில் வெந்நீர்க் கூஜா. கூஜாவுக்குப் பின்னால் என் மனைவி. திரை விலகியதற்காக அவள் பாட்டை நிறுத்தவில்லை. அவசரப்படவும் இல்லை. நிதானமாகப் பல்லவிக்கு வந்து முடித்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நன்றாகப் பாடினாள். எங்கள் வீட்டு அடுப்படியில் இத்தனை வருஷமாக இது நடந்துகொண்டிருந்தது, நான் ரசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் வக்கீல் எரிச்சலைத் தன்மேல் வைத்துக்கொள்ளக்கூடாது.

"மோசடி!" என்றேன். "படத்துக்குச் சத்தம் வந்துட்டு! பந்தயம் செல்லாது!"

குழல்வாய்மொழி கூஜாவைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். "நீங்க என்ன சொன்னிய? படம் ஊமையா ஓடினா நான் பாடலாம்னு சொன்னிய. படம் ஊமைன்னு சபையறிய நீங்க ஒத்துக்கிடுத வரைக்கும் நாங்க மூணு பேரும் மூச்சு விட்டோமா? ஒத்துக்கிட்டிய. அதுக்குப் பொறகுதான் ஆரம்பிச்சோம். அண்ணாச்சி, சரிதானே?"

"நான் சாட்சி," என்றார் அண்ணாச்சி. அந்தக் கேள்வியை அவர் வாயில் போட்டவள் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"பெட்டி ஊமைன்னு உனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"தம்பி அன்னைக்கே சொன்னானே. உங்ககிட்ட சொல்ல வந்த அந்த ஒரே ஒரு விஷயத்தை அடுப்படியில வந்து என்கிட்ட சொல்லிட்டுத்தான் ரயிலுக்குப் போனான். நான் அப்பமே உங்ககிட்ட காது எங்கன்னு கேட்டேன். காது இல்லாதது பெட்டி மட்டுந்தான்னு அப்போ நெனச்சிருந்தேன்."

அடுத்த வாரமே சாரல் சபையில் குழல்வாய்மொழி அம்மாள் பாட்டுக் கச்சேரி. நாயன வித்வான் தாணுமாலயன் முன்வரிசையில். ரஹ்மத் கஞ்சிரா. ஊர் சிரிக்கவில்லை, வண்டி கட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து நான் வாசலுக்குப் போனபோது ஒரு தொண்டன் குறுக்கே கை நீட்டினான்.

"உள்ள எடமில்லை. நீரு யாரு?"

"நான் யாரா? இந்தச் சபைக்குக் காரியதரிசியா ஆக வேண்டியவன்! அருவிக்குள்ள படம் எடுத்தவன்!"

"ஊமைப் படமா? அது போன வாரம்வே. இன்னைக்குப் பாட்டு."

மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த குழல்வாய்மொழி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுகளை உள்ள விடுங்க," என்றாள். "வெந்நீர்க் கூஜா அவுக கையிலதான் இருக்கு."